நஞ்சைப் பிழிந்து சுடும் ரொட்டி

மரவள்ளிக்கிழங்கு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி ஆலை நினைவுக்கு வரும்; குமரி மாவட்டத்தாருக்கு மரச்சீனியும் மீன்குழம்பும். அந்தக் கிழங்கின் தாயகம் தென் அமெரிக்கா. கொலம்பஸ் வந்திறங்குவதற்கு வெகுகாலம் முன்பே கரீபியத் தீவுகளின் பழங்குடி மக்கள் அதில் ரொட்டி சுட்டார்கள்.

கரிஃபுனா மக்கள் அந்த ரொட்டியை எரெபா என்கிறார்கள். செயின்ட் வின்சென்ட் தீவில் பழங்குடியினரும் ஆப்பிரிக்கரும் கலந்து உருவான சமூகம் அது. தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்றார்கள். பிடிபட்டவர்களை ஒரு சிறு தீவில் அடைத்துவைத்தபோது ஏராளமானோர் நோயில் மடிந்தார்கள். எஞ்சிய ஏறத்தாழ 2,000 பேரை 1797 ஏப்ரலில் ஹோண்டுராசுக்கு எதிரேயுள்ள ரோவாட்டான் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். சொந்த மண்ணை இழந்து வந்த அவர்கள் அங்கும் மரவள்ளி நட்டார்கள், எரெபா சுட்டார்கள்.

சுடுவது சாமானிய வேலையல்ல. எரெபாவுக்கு ஏற்றது கசப்பு மரவள்ளி. பச்சையாகத் தின்றால் ஆளையே கொல்லக்கூடியது. பெண்கள் கூடி உட்கார்ந்து தோல் சீவுகிறார்கள். கூரிய சிறு கற்கள் பதித்த பலகையில், பாடிக்கொண்டே துருவுகிறார்கள். துருவும்போது சயனைடு வெளிப்படும். அதைப் போக்க ருகுமா இருக்கிறது: நாரால் பின்னிய, ஆளுயரத்துக்கும் நீண்ட குழாய்ப் பை. துருவலை அதில் திணித்து உத்தரத்தில் தொங்கவிட்டு, அடியில் பாரம் ஏற்றுவார்கள். பாரம் இழுக்க இழுக்கப் பை இறுகிச் சாறு வடியும். மிச்ச நஞ்சு பெரும்பாலும் அடுப்புச் சூட்டில் போய்விடும். வேதியியல் பாடம் படிக்காதவர்கள் கண்ட முறை இது! எத்தனை தலைமுறைகளின் கவனம் அந்தப் பைக்குள் இருக்கிறது!

உலர்ந்த துருவலைச் சலித்து, அகன்ற இரும்புக் கல்லில் வட்டமாகப் பரப்புகிறார்கள். எண்ணெயோ ஈஸ்டோ கிடையாது. மொறுமொறுப்பாக வெந்த ரொட்டி ஈரம் படாவிட்டால் மாதக்கணக்கில் கெடாது.

கியூபா, டொமினிக்கன் குடியரசு, ஹெய்ட்டி, ஹோண்டுராஸ், வெனிசுவேலா ஆகிய 5 நாடுகள் சேர்ந்து கோரியதன்பேரில், 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த ரொட்டிக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நியாயமான சிறப்புதான். ஆனால் துருவுவதும் பிழிவதும் முதுகை ஒடிக்கும் வேலை. இப்போது பல ஊர்களில் துருவலுக்கு இயந்திரம் வந்திருக்கிறது. அதை மரபுக்குக் கேடு என்று சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி.

பெலீஸ் நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர் 19 அன்று, முன்னோர் அங்கே வந்திறங்கியதைக் கரிஃபுனா மக்கள் படகேறி நடித்துக் காட்டுகிறார்கள். அன்றைய விருந்தில் எரெபாவுக்குத் துணை, தேங்காய்ப்பாலில் கொதித்த மீன்.