இந்த மேடைக்கு வராத பிள்ளைகள்



பிள்ளைகளிடம் தமிழை எப்படி வளர்ப்பது என்று பேசச் சொன்னார் சங்கச் செயலாளர். பேசுகிறேன். ஆனால் இன்று ஒரு சில பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறேன். குறள் ஒப்பிக்க இந்த மேடையேறும் பிள்ளைகளை நமக்குத் தெரியும். மாறுவேடப் போட்டியில் மீசை வரைந்துகொண்டு பாரதியாராக வரும் பிள்ளைகளையும் தெரியும். இந்த மேடைக்கு ஒருநாளும் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிப்பில் தடுமாறுகிறவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், ஓரிடத்தில் உட்கார முடியாதவர்கள், பேச்சே வராதவர்கள். அவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தாம்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்திருப்பீர்கள். இங்குள்ள இந்தியர்களில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு. அதற்குப் பத்தாண்டு முன் அது 37ஐ நெருங்கியிருந்தது. இந்தச் சரிவுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறோம். வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் படிப்பு சிரமம் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் கைவிடப்படுவது தமிழ். "ஒரே மொழி போதும், ரெண்டு மொழி பேசினா குழம்பிடும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் தமிழை நிறுத்திய வீட்டில், தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியோடு அந்தப் பிள்ளை பேசுவதும் நின்றுபோகிறது.

தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்க நம் கல்வி முறையில் வழி இருக்கிறது. உண்மையிலேயே அது தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பெற்றோர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். விலக்குக் கேட்குமுன் ஒரு கேள்வி கேட்போம் என்பதுதான் என் வேண்டுகோள். இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையா, நாம் கொடுத்த பாடம் அவனுக்குப் பொருந்தவில்லையா?

நம் எழுத்தையே பாருங்கள். "கொ" என்று எழுதுங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, பிறகு கால். வாய் சொல்லும்போது 'க்' முதலில் வருகிறது, 'ஒ' பிறகு வருகிறது. கண் பார்க்கும் வரிசை வேறு, வாய் சொல்லும் வரிசை வேறு. உங்களுக்கும் எனக்கும் இது பழகிப்போய்விட்டது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு கெ, கே, கை, கொ, கோவும் ஒரு மேடு. அதற்குமேல் ல, ள, ழ. அதற்குமேல் ந, ன, ண. இத்தனையும் தாண்டி "வந்துவிட்டேன்" என்று படித்து முடித்தால், வீட்டில் அம்மா "வந்துட்டேன்" என்கிறார். இந்தப் பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே இங்குள்ள தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு சொன்னது. அப்போது சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அது நல்ல முடிவாகவே பட்டது. பிள்ளை கையில் என்ன இருக்கிறதோ அங்கிருந்துதானே தொடங்க முடியும்?

ஓர் அதிசயம் சொல்கிறேன். கண் தெரியாதவர்கள் விரலால் படிக்கும் பிரெய்லில் கொம்பு முன்னால் வரும் அந்தச் சிக்கல் கிடையாது. இந்திய மொழிகளுக்கென 1951இல் வகுத்த பாரதி பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ. வாய் சொல்லும் வரிசையே விரல் தொடும் வரிசை. யூனிகோடும் அப்படித்தான். திரையில் கொம்பு முன்னால் தெரிந்தாலும், கணினியின் நினைவில் க முதலில்தான் இருக்கிறது. அதனால்தான் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளால் தமிழையும் படிக்க முடிகிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, கண் தெரியாத இரு இளைஞர்கள்.

எழுத்தை மாற்ற மாட்டோம் என்று நாம் பிடிவாதம் பிடித்தவர்களும் இல்லை. துதிக்கை வைத்த பழைய லை, ணை, னை எழுதிப் பழகிய கைகள் இந்த மண்டபத்தில் எத்தனை! ஆகா, எத்தனை கைகள் உயர்கின்றன! 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது, பிறகு இங்கும் மாறினோம். மொழி ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அச்சுக்கோப்பவர்களுக்கு வேலை எளிதானது. அந்த விட்டுக்கொடுப்பை இப்போது பாடத்தில் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். எழுத்தில் கைவைக்கவே வேண்டாம்.

எப்படிக் காட்டுவது? என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தொடக்கநிலை நான்கு. அவன் அம்மா விலக்குப் படிவத்தைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். தேக்கா சந்தை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் இரண்டு வரி எழுதிவிட்டு அழிப்பானால் தாளைக் கிழித்துவிடுவான். அவனிடம் ஒரு கைக்கணினியைக் கொடுத்து, "எழுத வேண்டாம்டா, தாத்தாவோட சந்தைக்குப் போனதைச் சொல்லு" என்றேன். சொன்னான் பாருங்கள்! மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் தாத்தா வாங்குவாராம். சிவப்பாக இருந்தால்தான் நல்ல மீனாம். வஞ்சிரம் விலை கேட்டு, "போன வாரம் இவ்வளவு இல்லையே" என்று தாத்தா நகர்ந்தால் கடைக்காரர் கூப்பிடுவாராம், கூப்பிடுவார் என்று தாத்தாவுக்குத் தெரியுமாம். கறிவேப்பிலை காசில்லாமல் வரும் என்பதால் அதைக் கடைசியில்தான் கேட்பாராம். மூச்சுவிடாமல் சொன்னான். சிரிக்கிறீர்கள், உங்கள் தாத்தாக்களும் அப்படித்தான்!

அந்தப் பேச்சைக் கணினியைக் கொண்டு எழுத்தாக்கினேன். கணினி "செவுளை" என்பதை வேறு எதுவோ என்று எழுதிவிட்டது. நம் பிள்ளைகளின் குரலும் இங்குள்ள பேச்சும் அந்த மென்பொருள்களுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை, ஆசிரியர் உட்கார்ந்து திருத்தித்தான் ஆக வேண்டும். திருத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டேன். "கொடுங்க" என்ற சொல் வந்த இடத்தில் கொம்பையும் காலையும் சிவப்பிலும் நடுவிலிருந்த க-வைக் கறுப்பிலும் வரைந்து காட்டினேன். சிவப்பு இரண்டும் சேர்ந்துதான் ஒரு சத்தம் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அவன் சொன்னதையே அவனிடம் படிக்கக் கொடுத்தேன். தடுமாறினான், ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வரியில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும், அது அவனுடைய கதை. அவன் அம்மா படிவத்தை வாங்கிக்கொண்டு போனார், நிரப்பிக் கொடுக்கவில்லை.

அவனுக்கென்று செய்ததை வகுப்பு முழுவதும் கேட்டது. நன்றாக எழுதும் பெண்பிள்ளைகளும் "எங்களுக்கும் குரல்பதிவு வேணும், சார்" என்றார்கள். வீட்டில் ஆங்கிலமே பேசும் பையன் அந்தச் சிவப்புக் கொம்பைப் பார்த்துத்தான் ஒகர வரிசையையே புரிந்துகொண்டான்.

சிலருக்கென்று செய்தது எல்லாருக்கும் உதவும் என்பதற்கு, இன்று நீங்கள் இறங்கிவந்த டோபி காட் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் எம்ஆர்டி வந்தபோது படியும் மின்படியும்தான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வழியில்லை. அவர்கள் விடாமல் கேட்டார்கள். 2006க்குள் பழைய நிலையங்களுக்கெல்லாம் மின்தூக்கி வந்தது. இன்று அந்த மின்தூக்கியில் யார் போகிறார்கள்? தள்ளுவண்டியோடு தாய்மார்கள், சந்தைக் கூடையோடு பாட்டிமார்கள், பயணப்பெட்டியோடு நாம். கட்டடக் கலையில் பிறந்த இந்தச் சிந்தனையைத்தான் 1984இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. கட்டி முடித்தபின் மின்தூக்கி வைப்பது பெருஞ்செலவு. வரைபடத்திலேயே வைத்துவிட்டால் வேலை எளிது. பாடமும் அப்படித்தான். ஒரு பொருளைப் படித்தும் கேட்டும் பார்த்தும் அறிய வழி இருக்க வேண்டும். அறிந்ததை எழுதியும் பேசியும் படம் காட்டியும் சொல்ல வழி இருக்க வேண்டும். காணொளிக்குக் கீழே தமிழில் வரி ஓடினால் காது கேளாத பிள்ளைக்கு அதுவே பாடம்.

இப்படிச் செய்துகாட்டியவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, யார் எந்த நிலையில் நிற்கிறாரோ அங்கிருந்து பயிற்சி தருகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது சென்னையில் பிறந்த ஆவாஸ். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான வித்யாசாகர் பள்ளியோடு சேர்ந்து அஜித் நாராயணன் என்ற பொறியாளர் உருவாக்கினார். படங்களைத் தொட்டால் கருவி பேசும். பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டு "அம்மா, தண்ணி" என்று தமிழில் கேட்கலாம். அந்தக் குரலைக் கேட்கக் காத்திருந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள்.

நம்மிடம் இல்லாததா? இங்கிருந்து ஊதா வழித்தடத்தில் இரண்டாவது நிறுத்தம் ஃபேரர் பார்க். பக்கத்தில் பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். 1946இல் கடையநல்லூர்க்காரர்கள் தொடங்கி 1982இல் மூடிய அந்தப் பள்ளியின் பெயர் அங்கே வாழ்கிறது. கணியன் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த நா. கோவிந்தசாமி நம் ஊர் ஆசிரியர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளோடு தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. 53 வயதில் போய்விட்டார், இருந்திருந்தால் இந்த வேலையை அவரே கையில் எடுத்திருப்பார். 2020இல் பள்ளிகள் மூடியபோது ஆசிரியர்கள் சில நாளில் வீட்டிலிருந்தே தமிழ் நடத்தினார்கள். இன்று ஒவ்வோர் உயர்நிலை மாணவரிடமும் ஒரு கருவி இருக்கிறது. மாணவர் கற்றல் தளத்தில் பிள்ளை தன் குரலைப் பதிந்து அனுப்பலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒன்று. ஆசிரியரிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் அதே நேரத்தில், "என் பிள்ளைக்கு எந்த வழியில் சொன்னால் புரிகிறது?" என்றும் கேளுங்கள். வீட்டில் பாட்டி சொல்லும் கதையைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்புங்கள், அது பாடமாகும். தம்பி தங்கைகளே, உங்களை ரொம்ப நேரம் மறந்துவிட்டேன். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். கணினிக்கு நம் பிள்ளைகளின் தமிழ் கேட்கவில்லை என்றேனே, அதைச் சரிசெய்ய உங்களால் முடியும்.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த ஆண்டுக் கதைப் போட்டியில் எழுதிய கதைக்கு என்ன பரிசோ, அதையே குரல்பதிவுக்கும் வையுங்கள். பிரெய்லில் வந்தாலும், படங்களாய் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தனிப்பிரிவு வேண்டாம், ஒரே போட்டி, ஒரே பரிசு. தலைவர் தலையசைக்கிறார். விதிமுறைகளைத் தைப்பூசத்துக்கு முன்பே பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டால் ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தயார்செய்ய நேரம் கிடைக்கும். அந்த விதிமுறைகளை எழுதும் குழுவில் நானும் உட்காருகிறேன், சிறப்புத் தேவையுள்ள பிள்ளையின் பெற்றோர் இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.