பக்கவாதத்திற்குப் பின் மூளை வீக்கம்

பாரிச வாயு என்று நம் முன்னோர் வழங்கிய நோயைப் பற்றி நேயர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துபோதல், வாய் கோணுதல், சொல் குழறுதல் ஆகிய குறிகளைக் கண்டு, உடலில் வாயு புகுந்துவிட்டது என்று அவர்கள் கருதினர். நோயின் இருப்பிடம் கையிலோ காலிலோ இல்லை, மூளையில் இருக்கிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், அந்நோய் கடுமையாகத் தாக்கிய சிலருக்கு, முதல் நாள் கழிந்து, ‘கண்டம் தப்பியது’ என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையில், இரண்டாவது அபாயம் ஒன்று வந்து சேர்கிறது. அதுவே மூளை வீக்கம். அதனைப் பற்றியும், அதற்கென ஏற்பட்ட அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

கழுத்தின் வழியாக மேலேறி மூளைக்குள் கிளைவிடும் தமனிகளுள் நடுமூளைத் தமனி என்பது பெரியது. மூளையின் ஒரு பாதியில் பெரும் பரப்பு அதனை நம்பியே வாழ்கிறது. ரத்தக் கட்டி ஒன்று அதனை முழுவதும் அடைத்துவிட்டால், அப்பரப்பு பிராணவாயு இன்றி மடியத் தொடங்கும். நோய் கண்ட நாலரை மணி நேரத்திற்குள் கட்டியைக் கரைக்கும் மருந்து செலுத்தலாம். தமனியின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கவும் இன்று முடிகிறது. இவ்விரண்டும் பயன்படாதபோதோ, காலம் கடந்து நோயாளி வந்தபோதோதான் நாம் பேசப்போகும் நிலை பெரும்பாலும் ஏற்படுகிறது. மடிந்த உயிரணுக்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வீக்கம் உச்சம் அடைகிறது. சிலருக்கு முதல் நாளிலேயே மிகுந்துவிடுவதும் உண்டு.

உடம்பில் வேறெங்கு வீங்கினாலும் தோல் விரிந்து இடம் கொடுக்கும். மூளைக்கு அந்த வசதி இல்லை. கைக்குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்தவர்கள், அங்கே எலும்புகள் இன்னும் கூடாமல் இளகி இருப்பதை அறிவார்கள். வளர்ந்தவர் மண்டையோடோ மூடி முத்திரையிட்ட கலம் போன்றது. அதனுள் மூளையும், ரத்தமும், மூளைநீரும் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றவை குறைந்தே தீரவேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு அலெக்சாந்தர் மன்றோ 1783ஆம் ஆண்டிலும், அவரிடம் பயின்ற ஜார்ஜ் கெல்லி 1824ஆம் ஆண்டிலும் விளக்கிய கொள்கை இது. வீங்கும் பாதி முதலில் மூளைநீரை வெளியேற்றும். பிறகு நல்ல பாதியை நெருக்கும். அதன்பின் கீழே இறங்கி, மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் ஆளுகின்ற மூளைத்தண்டை அழுத்தும். உயிர் போவது அங்கேதான். பக்கவாதம் கொல்லாமல் விட்ட மனிதரை வீக்கம் கொன்றுவிடுகிறது.

இதன் முதல் அறிகுறி உறக்கம். முந்திய நாள் கண் விழித்து, கேட்டதற்குத் தலையசைத்தவர், மறுநாள் எழுப்பினால் மட்டும் விழிக்கிறார். பின்னர் எழுப்பியும் விழிப்பதில்லை. ‘களைப்பாய் இருக்கிறார், தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவது நம்மவர் இயல்பு. கட்டிலருகே இருப்பவர் இந்த மாறுதலைத் தாதியிடம் உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு கண்ணின் பாப்பா விரிந்து ஒளிக்குச் சுருங்காமற்போவது பின்னர் வரும் குறி. அதுவரை காத்திருத்தல் ஆகாது.

தலையை உயர்த்திப் படுக்கவைத்தலும், மானிட்டால் முதலிய மருந்துகளால் நீரை வடித்தலும் உண்டு. இவை அவகாசம் வாங்கித் தருவனவே. மிகக் கொடிய வீக்கத்தில், மருந்துகளை மட்டும் நம்பியிருந்த நோயாளிகளுள் நூற்றுக்கு எண்பதின்மர் அளவில் இறந்ததாக முற்காலக் கணக்குகள் கூறுகின்றன. ஆகையால் சிகிச்சையாளர் கலத்தையே திறந்துவிடுகிறார்கள். வீங்கிய பக்கத்தில் குறைந்தது 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எலும்புத் துண்டை எடுத்து, அடியிலுள்ள தடித்த சவ்வையும் கீறி, அதன்மேல் ஒட்டுச் சவ்வு வைத்துத் தோலை மூடித் தைக்கிறார்கள். மூளை உள்நோக்கி நெருக்காமல் வெளிநோக்கி விரிகிறது. துளை சிறிதாயிருந்தால் அதன் விளிம்பிலேயே மூளை நசுங்கும். பெரிதாய்த் திறப்பதே இதில் நுட்பம். எடுத்த எலும்பை மிகுந்த குளிரில் வைத்துக் காப்பர். அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பத்திரப்படுத்துவர். பின்னதைக் கேட்டு வியப்போர் பலர். உடலின் பொருளை உடலே காப்பதைவிடச் சிக்கனமான ஏற்பாடு வேறு எது?

மண்டையைத் திறந்து அழுத்தத்தைத் தணிக்கும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர் 1901இலும், அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1905இலும் இதனை எழுதினர். நம் நாட்டில் 1949இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தியும் நரம்பு அறுவைத் துறைகளைத் தொடங்கினர். இன்று இத்துறை பெருநகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இதன்பொருட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதில்லை.

பிழைப்பாரா என்று கேட்பது எளிது. எப்படிப் பிழைப்பார் என்று கேட்பதுதான் கடினம். பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 2007இல் வெளியிட்டார்கள். அறுபது வயதுக்கு மேற்படாத 93 நோயாளிகளின் கணக்கு அது. நோய் கண்ட 48 மணி நேரத்திற்குள் அறுவை செய்யப்பட்டவருள் ஓராண்டின் முடிவில் நூற்றுக்கு 78 பேர் உயிருடன் இருந்தனர். செய்யப்படாதவருள் 29 பேரே. இரண்டாவது கேள்விக்கும் அங்கே விடை உண்டு. பிறர் துணையின்றி நடக்கும் அளவுக்கேனும் தேறியவர் அறுவைப் பிரிவில் நூற்றுக்கு 43, மற்றதில் 21. ஆனால், நடக்கவும் தம் தேவைகளைக் கவனிக்கவும் பிறர் கையை எதிர்பார்ப்பவராக அறுவைக்குப் பின் வாழ்ந்தவர் 31 பேர். மற்றப் பிரிவில் அந்நிலையில் இருந்தவர் 2 பேர். அறுவை இல்லையேல் அவர்களுட் பலர் இறந்திருப்பர் என்பதே இதன் பொருள்.

அறுபதைக் கடந்தவர்க்குக் கணக்கு இன்னும் கசப்பானது. ஜெர்மனியில் 112 முதியோரிடம் நடந்து 2014இல் வெளியான ஆராய்ச்சியில், ஆறு மாதங்களுக்குள் இறந்தவர் அறுவை செய்யாதவருள் நூற்றுக்கு 70, செய்தவருள் 33. உயிர் காத்தது மெய். ஆயினும், தம் காரியங்களைத் தாமே முழுவதும் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு இரு பிரிவிலும் ஒருவரேனும் திரும்பவில்லை. முதியவர் ஒருவர் இத்தகைய வாழ்வை ஏற்பாரா என்பதை அவரை அறிந்தவர்களே சொல்லவேண்டும். மருத்துவர் சொல்ல இயலாது.

நம்மைப் போல் அயல் மாநிலத்தில் குடியிருப்போர்க்குச் சங்கடம் இங்கேதான். ‘மண்டையைத் திறப்பதா? பெரியப்பா வரட்டும், ஊரில் மூத்தவர்களைக் கேட்போம்’ என்கிறோம். சென்னையிலிருந்து தில்லி வரும் விரைவு ரயிலே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடுகிறது. பெரியப்பா வந்து சேரும்முன் 48 மணி நேரத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம், காத்திருத்தல் கூடாது. ஒப்புதல் படிவம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். புரியாமல் கையெழுத்திடுவதும், புரியாததால் மறுப்பதும் ஒன்றுபோல் தீங்கு தருவன. அம்மொழி தெரிந்த அண்டை வீட்டாரை அழைத்து, மருத்துவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்கச் செய்க: இவர் வயதில், இவர் மூளைப் படத்தின்படி, அறுவைக்குப் பின் எந்நிலையில் இருப்பார்? அறுவை செய்யாவிடில் என்ன ஆகும்?

மூளையின் இடப்பாதி தாக்கப்பட்டால் பேச்சும் போகும். ஆதலின் அத்தகையோர்க்கு அறுவை வேண்டாம் என்று ஒருகாலத்தில் தயங்கினார்கள். அந்த ஒரு காரணத்தால் மட்டும் மறுத்தல் தகாது என்பது இன்றைய வல்லுநர் பலரின் கருத்து. இழந்த பேச்சு ஓரளவு திரும்புவதைப் பலரிடம் கண்டிருக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் தலையின் ஒரு பக்கம் முதலில் புடைத்தும், வீக்கம் வற்றியபின் குழிந்தும் தோன்றும். அங்கே எலும்பு இல்லை என்பதைக் காண வருவோர் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கவிடலாகாது. நடக்கத் தொடங்கினால் தலைக்கவசம் அணிவிப்பது நலம். சில மாதங்கள் சென்றபின், காத்துவைத்த எலும்பையோ, டைட்டானியத் தகட்டையோ பொருத்தி மூடுவார்கள். கைகால் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அதற்காகக் காத்திராமல் முன்னரே தொடங்கும். பேச்சுப் பயிற்சி அளிப்பவர்க்குத் தமிழ் தெரியாதிருக்கலாம். நோயாளி வீட்டில் அன்றாடம் வழங்கிய சொற்கள், மக்கள் பெயர்கள், விரும்பி உண்ணும் பண்டங்கள் ஆகியவற்றை அவர் படிக்கும் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பயிற்சியின்போது வீட்டார் ஒருவர் உடன் அமர்ந்து அவற்றை உச்சரித்துக் காட்டுதல் வேண்டும்.