இருபது வயதுச் சிப்பாயின் குறிப்பேடு



தளபதிகள் எழுதிய போர் வரலாறுகள் நமக்குப் புதியவை அல்ல. இன்று நான் எடுத்துக்கொண்டது, தளபதியின் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட இடம்பெறாதவர்கள் எழுதிவைத்தது. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மன் காலாட்படையில் சேர்ந்த, இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்த இளைஞர்களின் நினைவுக் குறிப்புகள். இவற்றைப் படிக்கும்போது மனத்தில் இரக்கம் ஊறும். பாவம், பையன், மேலிடம் சொன்னதைச் செய்தான், பசியிலும் குளிரிலும் செத்தான் என்று தோன்றும். அந்த இரக்கத்தில் பாதி நியாயமானது. மறுபாதி, போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து எழுத உட்கார்ந்தவர்கள் நம்மிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த மறுபாதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதல் உலகப் போரிலிருந்து தொடங்குகிறேன். எர்ன்ஸ்ட் யுங்கர் 1914இல் பத்தொன்பது வயதில் தாமாகவே போய்ப் படையில் சேர்ந்தவர். பதினான்கு முறை காயம்பட்டு, 1918இல் பிரஷ்யாவின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்றார். போர் முழுவதும் சிறு குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றிலிருந்து உருவாக்கிய ‘எஃகுப் புயலில்’ என்ற நூலை 1920இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதோடு விட்டாரா? 1924 பதிப்பில் தேசிய முழக்கம் ஏறியது. 1934 பதிப்பில் அது இறங்கியது. எழுபதுகள் வரை திருத்தம் நிற்கவில்லை. 102 வயது வாழ்ந்து 1998இல் மறைந்தார். மூலக் குறிப்பேடுகள் 2010இல்தான் அச்சேறின. நேரில் கண்டவரின் சாட்சி என்று நாம் இத்தனை காலம் கையில் வைத்திருந்தது, ஒரே மனிதர் வெவ்வேறு வயதுகளில் எழுதிய வெவ்வேறு வாக்குமூலங்கள். ஒரு நீதிமன்றத்தில் இப்படிச் சொன்னால் குறுக்கு விசாரணையில் நிற்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

‘மேற்குமுனையில் அனைத்தும் அமைதி’ எழுதிய ரெமார்க்கின் பெயரை எதிர்பார்ப்பீர்கள். அவர் 1917 கோடையில் சில வாரங்களே போர்முனைப் பகுதியில் இருந்து, ஜூலை 31 அன்று காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவர். அவர் எழுதியது நாவல், அதை நாவலாகவே படிக்கலாம். எனவே அவரை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் போருக்கு வருவோம். வீட்டுக்கும் போர்முனைக்கும் இடையே போன கடிதங்களும் பொட்டலங்களும் 3,000 கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். தணிக்கை இருந்தது, தணிக்கையாளரைவிட அம்மா என்ன நினைப்பாளோ என்ற கூச்சம் அதிகமாகவே இருந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் போல் சிப்பாயாக இருந்தபோது எழுதிய கடிதங்கள் 2001இல் புத்தகமாயின. களைப்பும் காதலும் பிரார்த்தனையும் நிறைந்த அந்தக் கடிதங்களில் வீட்டாரிடம் திரும்பத் திரும்ப ஒன்றைக் கேட்கிறார்: பெர்விட்டின். மருந்துக் கடைகளில் கிடைத்த மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை அது. தூக்கத்தை விரட்டும். சிகரெட், காபி போல அதையும் அனுப்பச் சொல்லி எழுதுகிறார். எந்தப் படைத்தலைவரின் நூலும் தராத ஒரு தகவல், வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் இப்படிச் சாதாரணமாக வந்து விழுகிறது.

போருக்குப் பின் கதை மாறுகிறது. 1955இல் ஹிட்லரின் தளபதிகளில் ஒருவரான மான்ஷ்டைன் ‘இழந்த வெற்றிகள்’ எழுதினார்: தோல்விக்கு ஹிட்லர் காரணம், ராணுவம் சுத்தம். 1957இல் ‘டெர் லான்ட்ஸர்’ என்ற மலிவு விலைத் தொடர் தொடங்கி 2013 வரை ஓடியது. லான்ட்ஸர் என்றால் சாதாரணச் சிப்பாய். தோழமை, பேன், பனி, எண்ணிக்கையில் பெருத்த எதிரி, கடைசித் தோட்டா வரை சண்டை என்று எல்லாக் கதைக்கும் ஒரே அச்சு. பிற்கால நினைவு நூல்களில் பலவும் இதே அச்சில் வார்த்தவை. இவற்றில் ஏறக்குறைய காணாமல்போனவர்கள் கைதிகள். ஜெர்மானியர் கையில் சிக்கிய சோவியத் வீரர்கள் சுமார் 57 லட்சம். அவர்களில் ஏறத்தாழ 33 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் குளிராலும் துப்பாக்கிக் குண்டாலும் செத்தார்கள். பிடித்தவர்களைப் பின்புறத்துக்கு ஓட்டிச் சென்றது காலாட்படைதான். ஒருவன் பெலாரஸ் முழுவதும் நடந்து கடந்ததை முந்நூறு பக்கம் எழுதுகிறான். அந்தக் கைதி வரிசைகள் அவன் கண்ணில் படவே இல்லை என்றால், என்ன சொல்வது?

இப்போது நான் முக்கியமாகக் கருதும் நூல். வில்லி பீட்டர் ரீஸ, 1921இல் பிறந்தவர், டுயிஸ்புர்க் நகரத்துக்காரர். பள்ளி முடித்து வங்கியில் வேலை பழகிக்கொண்டிருந்தவர், கவிதைப் பைத்தியம், கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். 1941இல் படைக்கு இழுக்கப்பட்டு ரஷ்யாவுக்குப் போனார். காயம்படுவதும் ஊர் திரும்புவதும் மறுபடி போர்முனைக்குப் போவதுமாக மூன்று ஆண்டுகள். 1944 தொடக்கத்தில் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது, தன் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் வைத்துக்கொண்டு சுமார் 140 பக்கம் தட்டச்சு செய்தார். அந்தக் கோடையில் வித்தெப்ஸ்க் அருகே காணாமல்போனார். வயது இருபத்துமூன்று. தாய் அந்தத் தாள்களைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். ‘ஷ்டெர்ன்’ இதழின் ஷ்டெஃபான் ஷ்மிட்ஸ் பதிப்பித்து அது நூலானது 2003இல். தலைப்பு, எனக்கே நான் அந்நியன் என்ற பொருளில்.

அதில் ஒரு காட்சி. முதல் குளிர்காலம். ஜெர்மன் வீரர்களிடம் பனிக்கான பூட்ஸ் இல்லை. ரஷ்யர்கள் அணிந்த, கம்பளியை அடித்துச் செய்த வாலெங்கிக்கு ஆலாய்ப் பறந்தார்கள். செத்துக் கிடந்த ஒருவனின் காலிலிருந்து அதைக் கழற்ற முடியவில்லை, உறைந்துபோயிருந்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டி, பூட்ஸோடு கால்களைக் கொண்டுபோய்க் குடிசை அடுப்பில் சமையல் பானைகளுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். உருளைக்கிழங்கு வேகும் நேரத்துக்குள் கால்களும் இளகிவிட்டன. ரீஸ இதற்கு விளக்கம் எதுவும் தரவில்லை. பூட்ஸ் கிடைத்தது, மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குளிரைத் தாண்டியவர்களுக்கு அரசு ஒரு பதக்கம் கொடுத்தது. அதற்குச் சிப்பாய்கள் வைத்த பெயர், உறைந்த இறைச்சிப் பதக்கம்.

இதுவரை பரிதாபக் கதையாகப் படித்துவிடலாம். ஆனால் ரீஸ நிறுத்துவதில்லை. குடியானவர்களின் கடைசி ரொட்டியை எடுத்ததை எழுதுகிறார். பிடித்துவைத்த ரஷ்யப் பெண் ஒருத்தியைக் குடிக்கவைத்து நிர்வாணமாக ஆடவைத்ததை எழுதுகிறார். 1943 பின்வாங்கலில் ஊர்களைக் கொளுத்திக்கொண்டே வந்ததை எழுதுகிறார். எல்லாம் ‘நாங்கள்’ என்ற தன்மைப் பன்மையில். நாஜிகளை வெறுத்தவர், அதே நேரம் போர்முனைக்குத் திரும்ப ஏங்கியவர். சில இடங்களில் அவர் நடை பூச்சு அதிகமாகி, துயரத்தையே அழகு பார்க்கிறது. அது இருபது வயதுக் கவிஞனின் நோய், நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன். இந்த நூலின் பலம் வேறு. தோல்வி முடிவாகவில்லை, நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணை வரவில்லை, அக்கம்பக்கத்தாருக்குப் பதில் சொல்லும் கட்டாயம் வரவில்லை. அந்த நிலையிலேயே, தாங்கள் செய்வது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் சின்னப் பையன்கள், ஒன்றும் தெரியாது என்று எழுபது வயதில் சொன்னவர்களுக்கு, அந்த வயதிலேயே எழுதிவைத்துவிட்டுப் போன ஒருவர் மறுப்பாக நிற்கிறார்.

ஒருவரை வைத்து எல்லோரையும் அளக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரிட்டிஷாரும் அமெரிக்கர்களும் ஜெர்மன் கைதிகளின் அறைகளில் ஒலிவாங்கிகளை ஒளித்துவைத்து அவர்கள் பேச்சைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். லண்டனுக்கு அருகே டிரென்ட் பார்க், வாஷிங்டனுக்கு அருகே ஃபோர்ட் ஹன்ட். பல பத்தாயிரம் பக்கங்கள். அவற்றை அலசி வரலாற்றாசிரியர் சோங்க்க நைட்ஸெல்லும் சமூக உளவியலாளர் ஹரால்ட் வெல்ஸரும் 2011இல் ‘சோல்டாட்டன்’ என்ற நூலை வெளியிட்டார்கள். யாரும் கேட்கவில்லை என்று நினைத்த பேச்சில் கொலை வருகிறது, சிரிப்போடு வருகிறது. யூதர்கள் சுடப்பட்டது பலருக்குத் தெரிந்திருந்தது. அதே தலைமுறை பின்னர் எழுதிய நினைவு நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலாட்படைப் பையன்கள் அறியாதவர்கள் அல்லர், எழுதும்போது தேர்ந்தெடுத்தவர்கள்.

கடைசியாக, எழுத்தாளர் ஊவ டிம். அவருடைய அண்ணன் பதினாறு வயது மூத்தவர், நாஜிகளின் எஸ்எஸ் படையில் டோட்டன்கோப்ஃப் பிரிவில் சேர்ந்து, 1943இல் உக்ரைனில் இரு கால்களையும் இழந்து அக்டோபரில் செத்தார். விட்டுச் சென்றது துண்டு துண்டான ஒரு நாட்குறிப்பு. தாயும் அக்காளும் இறந்த பிறகே டிம்மால் அதைப் பற்றி எழுத முடிந்தது. நூல் வந்தது 2003இல், ரீஸவின் நூல் வந்த அதே ஆண்டு. எழுபத்தைந்து மீட்டர் தூரத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ரஷ்யனைத் தன் இயந்திரத் துப்பாக்கிக்கு நல்ல தீனி என்று அண்ணன் குறித்துவைக்கிறார். சாலை போட ரஷ்யர் வீடுகளின் அடுப்புகளை இடித்தெடுத்ததையும் எழுதுகிறார். அடுப்பு இல்லாமல் அந்த வீட்டார் குளிர்காலத்தை எப்படிக் கடப்பார்கள் என்ற நினைப்பு ஓரிடத்திலும் இல்லை. அதே ஆண்டு ஹாம்பர்க் குண்டுவீச்சுச் செய்தி வந்ததும், பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது போரே அல்ல என்று வீட்டுக்கு மனம் கொதித்து எழுதுகிறார். கடைசிப் பதிவில், இவ்வளவு கொடூரமானவற்றைப் பதிவுசெய்வதில் பொருள் இல்லை என்று நாட்குறிப்பை முடித்துக்கொள்கிறார். டிம் இதில் ஒரு மறுப்பின் கீற்றைத் தேடுகிறார். தம்பி தேடத்தான் செய்வார். நான் அதை மனச்சாட்சி என்று படிக்கத் தயங்குகிறேன். நடப்பது கொடூரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு மட்டுமே அந்த வரி ஆதாரம். அதற்குப் பிறகும் சில வாரங்கள் அவர் அதே பிரிவில், அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.