கணிகருவி வாங்குமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



"பிள்ளை கணக்குப் படிக்கிறான்; வரைபு கீறிக் காட்டும் கல்குலேட்டர் வேண்டுமாம். எதை வாங்கலாம்?" என்று பெற்றோர் சிலர் இந்நாளில் கேட்கின்றனர். அதற்கு விடை கூறவே நாம் இன்று இம்மேடையில் நிற்கின்றோம்.

வரைபுக் கணிகருவி என்பது, கொடுத்த சமன்பாட்டின் வளைகோட்டைத் தன் சிறு திரையிலே வரைந்து காட்டும் கருவியாகும். ஜப்பானின் கசியோ நிறுவனம் 1985இல் இதனை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று அமெரிக்க வகுப்பறைகளிற் பெயர்பெற்ற கருவியொன்றின் விலை 100 டொலருக்கு மேற்பட்டது. டொலருக்கு 300 ரூபாவென்று கொண்டால், அது 30,000 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தின்படி ஒரு தாய் 22 நாளுக்கு மேல், அரைப்பேர் விழாமல் கொழுந்து பறித்த கூலி முழுவதும் அந்த ஒரு கருவிக்கே போய்விடும்.

அக்கருவி எங்கே பயன்படும்? நம் நாட்டுச் சாதாரண தரக் கணிதத்திலும், உயர்தர இணைந்த கணிதத்திலும் கணிகருவியைப் பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுசெல்ல இடமில்லை. அங்கே துணை நிற்பது மடக்கை அட்டவணையே. ஸ்கொத்லாந்து நாட்டு ஜோன் நேப்பியர் 1614இல் உலகுக்கு அளித்த மடக்கை, இன்றும் நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கின்றது! இலண்டன் பரீட்சை எழுதுவோர்க்கு விதி வேறு; அவர்கள் தத்தம் பரீட்சை விதிகளைப் படித்தறிந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும்.

கையால் வரைவதிற் பயனும் உண்டு. x² − 4x + 3 என்ற சார்பில் 0, 1, 2, 3, 4 என்பவற்றை இட்டால், 3, 0, −1, 0, 3 என்று விடை வரும். இருபுறமும் ஒத்திருக்கும் அழகையும், நடுவே 2இல் வளைவு திரும்புவதையும் அட்டவணை நிரப்பும் பிள்ளை தானே காண்கின்றது. அறிவில்லாக் கருவி ஏமாற்றவும் கூடும். −2இன் வர்க்கம் 4 ஆகும். அடைப்புக்குறி இடாமல் அழுத்தினால் கணிகருவிகள் பலவும் −4 என்றே காட்டும். கணக்கறிந்தவனே அதனைப் பிழையென்று அறிவான்.

வரைபைத் திரையிற் பார்க்க விரும்புவோர்க்கும் வழியுண்டு. ஒஸ்திரியா நாட்டு மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜெப்ரா என்னும் செயலி, கைத்தொலைபேசியில் இலவசமாகவே இயங்கும். பல்கலைக்கழகம் புகுந்தபின் கருவி தேவையெனின், நிரல் எழுத முடியாத சாதாரண விஞ்ஞானக் கணிகருவி பெரும்பாலும் போதும்.

ஆகையால் பெற்றோர்களே, கணிகருவிக்கென்று தோட்டை அடகு வைக்காதீர்கள். மலையகப் பாடசாலைகள் பலவற்றில் இன்றும் குறைவாயிருப்பது கணித ஆசிரியரே. சங்கத்து இளைஞருள் கணிதம் கற்றோர் வாரம் இரண்டு மணி நேரம் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்க முன்வருவோமாக! மடக்கை அட்டவணையும் வரைபுத்தாளும் சங்கமே வாங்கிக் கொடுக்கட்டும். 22 நாட் கூலி அந்தத் தாயின் வீட்டிலேயே இருக்கட்டும்.