கோடைக்கு ஏற்ற துணி: வயலுக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கோடை உழவு, முன்கார் நாற்றங்கால், வாழைக்கு முட்டுக் கொடுப்பது என்று சித்திரை, வைகாசி மாதங்களிலும் நம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வேலைக்குக் குறைவில்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், வெயில் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. மே மாதம் 4-ம் தேதி வாக்கில் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் 28-ம் தேதி வரை நம்மை வறுத்தெடுக்கிறது. கன்றுக்குட்டியை நிழல் பார்த்துக் கட்டுகிறோம். மாட்டுக்கு வேளை தவறாமல் தண்ணீர் காட்டுகிறோம். ஆனால் வெயிலில் நின்று வேலை செய்கிறவர் உடம்பின் மேல் என்ன துணி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

துணிமணி என்றால் அலங்காரப் பேச்சு என்று எண்ணிவிட வேண்டாம். 2024-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. புயல், வெள்ளம் வரிசையில் வெயிலையும் வைத்து எண்ண வேண்டிய காலம் இது. பணம் வரும், போன உயிர் வருமா? ஆகவே முன்கூட்டியே நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கு உள்ள எளிய வழிகளில் துணியும் ஒன்று.

வேர்வை செய்யும் வேலை

நம் உடம்பு சூட்டை வெளியேற்ற வைத்திருக்கும் ஏற்பாடுதான் வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகிப் போனால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. எட்டு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதற்கு எவ்வளவு சூடு வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு சூடு! கடும் வெயிலில் மண்வெட்டி பிடிக்கிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வேர்வைகூட வந்துவிடும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழுந்த வேர்வையால் அந்தப் பலன் இல்லை. துணிக்குள்ளே அடைபட்டுக் கிடக்கும் வேர்வையாலும் பலன் இல்லை. எனவே கோடைத் துணிக்கு இரண்டு குணங்கள் வேண்டும். வேர்வையை உறிஞ்ச வேண்டும். காற்றை உள்ளே விட வேண்டும்.

பருத்தியும் பாலியஸ்டரும்

சாதாரணக் காற்றில் தொங்கும் 100 கிலோ பருத்தி நூல் சுமார் எட்டரை கிலோ ஈரத்தைத் தன்னுள் இழுத்து வைத்திருக்கும். அதே 100 கிலோ பாலியஸ்டர் நூலில் அரைக் கிலோ ஈரம்கூடத் தங்காது. 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டு, டெரிலின் என்ற பெயரில் வந்த நூல்தான் இந்தப் பாலியஸ்டர். அதையும் பருத்தியையும் கலந்தால் டெரிகாட்டன். பாலியஸ்டர் 67 பங்கு, பருத்தி 33 பங்கு என்பது சட்டைத் துணியில் வழக்கமான கலப்பு.

"சார், பருத்திச் சட்டை ஒரு நேரத்துல கசங்கிப் போவுது. டெரிகாட்டன்னா நாலு நாளைக்கு மடிப்பு நிக்கும்லா?" என்று கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. டெரிகாட்டன் கசங்காது, சீக்கிரம் உலரும், எளிதில் கிழியாது. வங்கிக்குப் போகவும், கல்யாண வீட்டுக்குப் போகவும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வயலுக்குத்தான் அது ஆகாது.

"விளையாட்டுக்காரர்கள் பாலியஸ்டர் பனியன் போடுகிறார்களே?" என்றும் கேட்கலாம். அந்தப் பனியனைக் கண் கண்ணாகப் பின்னி, வேர்வை நூலின் மேலேயே பரவி ஓடும்படி தனியாகத் தயாரிக்கிறார்கள். நெருக்கமாக நெய்த டெரிகாட்டன் சட்டைத் துணிக்கு அந்தக் குணம் கிடையாது.

தாய்மார்கள் போடும் சட்டை

நடவுக்கும் களை எடுப்புக்கும் வரும் தாய்மார்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல பழக்கம். வெயிலும் சேறும் உடம்பில் படாது, நெல் தாள் கையைக் கீறாது. ஆனால் அது எந்தச் சட்டை என்று பாருங்கள். பெரும்பாலும் வீட்டுக்காரரோ மகனோ போட்டுக் கழித்த டெரிகாட்டன் சட்டை! பருத்திச் சட்டை நைந்து கரித்துணியாகிவிடுகிறது. கிழியாமல் மிஞ்சுவது டெரிகாட்டன்தான். அதனால் அது தாய்மார்கள் பங்குக்கு வந்துசேருகிறது. உள்ளே ஜாக்கெட், அதன்மேல் நைலான் கலந்த சேலை, அதற்கும்மேல் காற்றுப் புகாத சட்டை. தண்ணீர் நிற்கும் வயலில் குனிந்து நிற்கும்போது கீழேயிருந்தும் ஆவி அடிக்கிறது. வீட்டிலேயே அதிக நேரம் வெயிலில் நிற்கிறவருக்கு, வெயிலுக்குச் சற்றும் பொருந்தாத துணி!

குடும்பத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கோடைக்குத் துணி எடுப்பதாக இருந்தால், முதல் பருத்திச் சட்டையை வயலுக்குப் போகும் பெண்களுக்கு எடுங்கள். அளவில் ஒரு சைஸ் பெரிதாக, முழுக்கை வைத்து, பக்கவாட்டில் பிளவு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

தொளதொளப்பாக இருப்பதன் பலனுக்கு ஒரு சான்று சொல்கிறேன். பாலைவனத்து அரபு நாடோடிகள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, அது ஏன் என்று அளந்து பார்த்து, 1980-ல் 'நேச்சர்' என்ற அறிவியல் இதழில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை வாங்குகிறது. ஆனால் அங்கி தொளதொளவென்று இருப்பதால், உள்ளே காற்று ஓடி அந்தச் சூட்டை உடம்பில் படவிடாமல் கொண்டுபோய்விடுகிறது. உடம்புக்குக் கிடைத்த சூடு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. உடம்போடு ஒட்டும் சட்டைக்கு இந்த வசதி இல்லை. அதற்கு வெளிர் நிறமே நல்லது.

நூல் நம்பர் என்றால் என்ன?

வேட்டிக் கடையில் 40-ம் நம்பர், 60-ம் நம்பர், 80-ம் நம்பர், 100-ம் நம்பர் என்கிறார்கள். ஒரு பவுண்டு நூலில், அதாவது சுமார் 454 கிராம் நூலில், 840 கஜம் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான் இந்த நம்பர். 40-ம் நம்பர் நூல் ஒரு பவுண்டை நீட்டிப் பிடித்தால் 30 கிலோமீட்டருக்குமேல் போகும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும், துணி இலேசாகும்.

இது நம் பருத்திச் செடியிலேயே தொடங்கும் சங்கதி. கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி வெளிநாட்டுச் சந்தையில் 'டின்னவெலி' என்று நம் ஊர்ப் பெயராலேயே விலைபோனது. அது குட்டை இழைப் பருத்தி. தடித்த நூலுக்கே ஏற்றது. 1974-ல் வந்த சுவின் ரகமோ மிக நீண்ட இழை உடையது; 100-ம் நம்பருக்கு மேலும் நூற்கலாம். ஆகவே எல்லாப் பருத்தித் துணியும் ஒன்றல்ல. வேலைக்கு 40 அல்லது 60-ம் நம்பர் நூலில் சற்றே இடைவெளி விட்டு நெய்த துணி போதும், உழைக்கும். 80, 100-ம் நம்பர் வேட்டியை விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது முள்ளுக்கும் வரப்புக்கும் தாங்காது.

வீரவநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் என்று நம் வட்டாரத்திலேயே நெசவு ஊர்கள் இருக்கின்றன. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் கைத்தறித் துணி கிடைக்கும். 2006-ல் கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒன்று: துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூலுக்கு நூல் சிறு கண் தெரிய வேண்டும். வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் உள்ளங்கையில் காற்றுப் பட வேண்டும்.

இரண்டு: துணியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் கசக்கித் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அது கஞ்சியால் கனம் ஏற்றிய துணி. ஒரு சலவைக்குப் பிறகு தொய்ந்துபோகும்.

மூன்று: ஒரு பிடி துணியைக் கையில் இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். சுருக்கம் எவ்வளவு மறைகிறது என்று பாருங்கள். இரண்டு துணிகளை வைத்து ஒப்பிட இது நல்ல வழி.

நான்கு: பருத்தி என்று சொல்லி விற்றதில் சந்தேகம் இருந்தால், வீட்டுக்கு வந்து ஓரத்தில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு.

இந்த உருகும் குணத்தையும் நினைவில் வையுங்கள். நெல் அவிக்கும் அடுப்பருகே செயற்கை நூல் சேலையோடு நிற்க வேண்டாம். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பற்றும்தான்; ஆனால் இப்படி ஒட்டாது. அடுப்படியில் எந்தச் சேலையானாலும் முந்தானையைச் செருகிக்கொள்வது அவசியம்.

ரேயான் என்ற செயற்கைப் பட்டு நூலும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் நனைந்தால் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுவாகும். ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைக்கிற நமக்கு எது பொருத்தம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

பருத்தி கசங்காமல் இருக்க

பருத்தி ஏன் கசங்குகிறது? ஈரமும் சூடும் பட்ட நூல் இளகுகிறது. அப்போது எப்படி மடங்கியிருக்கிறதோ, உலரும்போது அப்படியே நின்றுவிடுகிறது. இது புரிந்தால் வழியும் புரியும்.

துவைத்த துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். தண்ணீரை அமுக்கி எடுத்துவிட்டு, இரண்டு தரம் நன்றாக உதறி, ஈரக் கனத்தோடேயே தொங்க விடுங்கள். அந்தக் கனமே சுருக்கத்தை இழுத்துவிடும். நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட்டால் சாயமும் வெளுக்காது. முக்கால் உலர்ந்ததும் எடுத்து நீவி மடித்து, பெட்டிக்கு அடியில் வைத்தால், காலையில் இஸ்திரிப் பெட்டி தேடவேண்டியதில்லை.

வெளியே கட்டும் வேட்டிக்கு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்துப் போடுங்கள். வயல் துணிக்குக் கஞ்சியே வேண்டாம். அது துணியின் கண்ணை அடைத்துவிடும். நம் கட்டம் போட்ட கைலித் துணி சுருக்கத்தை வெளிக்காட்டாது. இதே கட்டத் துணியைத்தான் வெளிநாட்டார் 'மெட்ராஸ்' என்று பெயர் சொல்லிச் சட்டையாகப் போடுகிறார்கள். நாமும் போடலாமே!

புதுப் பருத்தித் துணியைத் தைக்கும்முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போட்டு உலர்த்துங்கள். சில துணி மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்வரை சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் சட்டை பிள்ளைக்குத்தான் ஆகும்.

கவனிக்க வேண்டிய சில

வாழை வேலைக்கு ஒரு பழைய கருநிறச் சட்டையைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். வாழைக்கறை போகாது என்பது களக்காடு, அம்பாசமுத்திரம் பகுதி விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பருத்தியும் தொப்பலாக நனைந்தால் உடம்பில் ஒட்டி, காற்றை மறிக்கும். ஆகவே வயலுக்கு இரண்டு சட்டை வைத்துக்கொண்டு, மத்தியானக் கஞ்சிக்கு உட்காரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். கழற்றியதை வெறும் தண்ணீரில் அலசிப் போட்டால் உப்புப் படியாது, வேர்க்குருவும் படையும் குறையும். தலைக்கு ஈரத்துண்டு அவசியம். பூச்சிமருந்து தெளிக்கப் போகும்போது மட்டும் இந்த மெல்லிய துணி கூடாது. அதற்கான கனத்த உடையும் கையுறையும் முகமூடியும் தனி. அந்த உடையைக் குடும்பத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

எந்தத் துணி போட்டாலும், யாருக்காவது பேச்சுக் குழறினால், தடுமாறினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெயில் தாக்குதல். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிவிடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

முடிவாக, சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியூர் போக டெரிகாட்டன் இருக்கட்டும். வயலுக்கு, கண் விட்டு நெய்த, தொளதொளப்பான, வெளிர் நிறப் பருத்தி. அதிலும் முதல் சட்டை, வயலில் குனிந்து நிற்கும் தாய்மார்களுக்கு. இந்தக் கோடையிலேயே இதைச் செய்து பலன் பெறுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.