அறுபது வயதிலும் கேளுங்கள்



எய்ட்ஸ் என்றால் நாம் கல்லூரிக்குப் போய்ப் பேசுகிறோம், லாரி ஓட்டுநர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறோம். தாத்தா பாட்டியிடம் யார் பேசினோம்? எச்.ஐ.வி. பரவல் விகிதம் என்று நாளிதழில் நாம் படிக்கும் கணக்குகூடப் பெரும்பாலும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுடையது. ஐம்பது தாண்டியவர் அந்தக் கணக்கில் இல்லை. கிருமி மட்டும் அவரை விட்டுப் போய்விடுமா?

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்ற மருத்துவ மாணவி எடுத்துச் சென்ற ரத்த மாதிரிகளில்தான் இந்தக் கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அன்று கையில் மருந்து இல்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அரசு மருத்துவமனையிலும் கொடுத்தார்கள். அன்று முப்பத்தைந்து வயதில் மாத்திரையை வாயில் போட்டவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். சாவார் என்று ஊரே கைவிட்டவர்கள் அவர்கள். நம் அரசு மருத்துவமனைகள் சாதித்ததில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் அவர் அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார் தெரியுமா? பாட்டிலில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, சுகர் மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்துக்கொள்கிறார். மருமகள் பார்த்துவிடக் கூடாது. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள, இந்தக் கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு பஸ் ஏறுகிறார். சுகர் டாக்டரிடமும் சொல்வதில்லை. அங்கேதான் ஆபத்து. இன்று பெரும்பாலோர் சாப்பிடும் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற மருந்து இருக்கிறது. அது சுகருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். டாக்டருக்குத் தெரிந்தால் அளவைப் பார்த்துக் கொடுப்பார். கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால், டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராமல் போகலாம். மறைத்து வைக்கிற ரகசியம் அந்த உடம்பையே பாதிக்கிறது ஐயா.

இன்னொரு கூட்டம், தனக்கு இருப்பதே தெரியாதவர்கள். எடை குறைகிறது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, அக்கி வருகிறது, இருமல் விடவில்லை. வீட்டில் 'வயசாயிடுச்சு' என்கிறார்கள். டாக்டரும் சுகர், பிரஷர், காசநோய் எல்லாம் பார்த்துவிட்டு இதை மட்டும் கேட்கக் கூச்சப்படுகிறார். வயதானவர் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வேகமாகக் கரையும். தாமதமாகக் கண்டுபிடித்தால் மருந்து பிடிக்கவும் நாளாகும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் உள்சவ்வு மெலிந்துவிடுவதால் தொற்று ஏறுவது இன்னும் எளிது. கருத்தரிக்கும் பயம் இல்லையென்று ஆணுறையும் இல்லை. இதை மேடையில் பேசலாமா என்று சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. பேசாமல் இருந்ததால்தான் இவர்கள் கடைசிக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவினால்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. அப்படியிருக்க, ஒரே தட்டில் சாப்பிட, பேரனைத் தூக்கிக் கொஞ்ச என்ன தடை? 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரை ஒதுக்குவதையும் அவர் சம்மதமில்லாமல் நோயை வெளியில் சொல்வதையும் தடுக்கிறது. அறுபது வயதுக்காரருக்கும் அதே சட்டம்தான்.

இங்கே இருக்கிற மருத்துவர்களே, மருத்துவக் கல்லூரி மாணவர்களே, உங்கள் முன் உட்காரும் பெரியவரிடம் மரியாதையோடு, தனியாக வைத்துக் கேளுங்கள். பிள்ளைகளே, அப்பாவையும் அம்மாவையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவர் தனியாகப் போக விரும்பினால் வெளியே உட்கார்ந்திருங்கள். பெரியவர்களே, அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். அதற்கும் காசு கிடையாது.