பங்கு விற்ற லாபமும் உழைத்த சம்பளமும்

(மும்பையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பங்கு மார்க்கெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அரை மணியில் இறங்கி நடந்துபோகிற தூரந்தான் தலால் தெரு. ஆனாலும் நம் தலைமுறைக்கு அங்கே வேலை இருந்ததில்லை. இன்றோ நம் பிள்ளைகள் கைபேசியிலேயே பங்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பேசாமல் இருக்க முடியாது.

ஆண்டுக்கு 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நாமும் நிம்மதியாக இருக்கிறோம். அந்தச் சலுகை பங்கு லாபத்தைத் தொடாது என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். நம் வீட்டுப் பையன் ஒருவனுக்கு மாதம் 45,000 சம்பளம். ஆண்டுக்கு 5,40,000. நிலைக்கழிவு 75,000 போக 4,65,000. புதிய முறையில் இதற்கு வரி பூஜ்யம். அதே பையன் சில பங்குகளை வாங்கி எட்டாம் மாதமே விற்று 20,000 லாபம் பார்த்தால், அதற்கு 20 சதவீதம், மேல்வரி 4 சதவீதம், ஆக 4,160 ரூபாய் கட்ட வேண்டும். அவனே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றிருந்தால் ஒரு பைசா வரி இல்லை. ஏனென்றால் நீண்டகால லாபத்தில் ஆண்டுக்கு 1,25,000 வரை விலக்கு. அதற்கு மேல்தான் 12.5 சதவீதம்.

பொறுத்திருக்க வேண்டியதுதானே என்பார்கள். தங்கை கல்யாணம் பொறுக்குமா? ரூம் டெபாசிட் பொறுக்குமா? நம்மவன் பங்கை விற்பது பெரும்பாலும் ஆசையால் அல்ல, அவசரத்தால்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 24 லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 30 சதவீதம். உடம்பு அசையாமல் பங்கைப் பூட்டி வைத்து ஒரு கோடி லாபம் பார்க்கிறவருக்கு அதே 12.5 சதவீதந்தான், சர்சார்ஜ் சேர்த்தாலும் சம்பளக்காரரின் விகிதத்தை எட்டாது. வேலைக்கு ஒரு நியாயம், சொத்துக்கு ஒரு நியாயம்!

இந்த வரியின் கதையில் தமிழர்கள் மூவர் வருகிறார்கள். 1947-ல் வந்து 1949-ல் கைவிடப்பட்ட வரியை 1956-ல் மீண்டும் கொண்டுவந்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ப.சிதம்பரம் 2004 அக்டோபர் முதல், மார்க்கெட்டில் விற்கும் பங்கின் நீண்டகால லாபத்துக்கு வரியே வேண்டாம் என்றார். வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரு சிறு பரிவர்த்தனை வரி போதுமாம். பதின்மூன்றரை ஆண்டுகள் அது நீடித்தது. 2018-ல் அருண் ஜெட்லி 10 சதவீதமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். 2024 ஜூலை 23 முதல் நிர்மலா சீதாராமன் அதை 12.5 ஆக்கினார், குறுகியகால லாபத்துக்கு இருந்த 15-ஐ 20 ஆக்கினார். நம்மூர்க்காரர்கள் என்பதற்காக நாம் கணக்குக் கேட்காமல் விட வேண்டியதில்லை. பெரிய லாபத்துக்கு வரி கூடியதை நாம் எதிர்க்கவில்லை. இன்னும் கூட வேண்டும் என்கிறோம். சிறு சம்பளக்காரரின் குறுகியகால லாபத்தை 12 லட்சச் சலுகைக்குள் சேர்க்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

அது கிடைக்கும்வரை சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். குறுகியகால நட்டத்தை இருவகை லாபத்திலும் கழிக்கலாம். மிச்ச நட்டத்தை எட்டு ஆண்டு வரை கொண்டுபோகலாம். ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு வரியில்லை என்று சும்மா இருந்துவிட்டால் நட்டமும் போச்சு, நோட்டீசும் வரும். விற்பனை விவரம் டெபாசிட்டரியிடமிருந்து வரி இலாகாவுக்கு நேரே போய்விடுகிறது. அன்றே வாங்கி அன்றே விற்பது மட்டும் வியாபாரக் கணக்கில் சேரும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

வருகிற ஞாயிறு காலை சங்கத்தில் உட்காருகிறோம். பிள்ளைகளிடம் சொல்லி, புரோக்கர் தரும் ஆண்டு லாப நட்டக் கணக்கை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். அவர்களையும் அழைத்து வாருங்கள், கைபேசியோடு.